ஐந்து சீட்டு, ஒரே எண்

ஜனவரி 8, வியாழன்

புது நோட்டு. பென்சிலால் எழுதுகிறேன். நாற்பது வருடம் சிவப்பு மைப் பேனாவோடு இருந்தவளுக்குப் பென்சில் ஒரு ஓய்வு. தவறினால் அழித்துக்கொள்ளலாம்.

இன்று ஆஸ்பத்திரியில் இரண்டு எக்ஸ்ரே படங்கள். இரண்டுக்கும் ஐந்து சீட்டிலும் ஒரே எண்.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று தங்கை போனில் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். முதுகெலும்பு கோணலாக வளரும் பிள்ளைகளுக்கு இங்கே ஆப்ரேஷன் செய்கிறார்கள். கம்பி வைத்து நேராக்குவார்கள். கம்பி எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிய வேண்டும் என்பதுதான் முக்கியமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்குப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள், நடுவில் வரிசை கோணிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோணிய பத்துப் பேரைச் சேர்த்துக் கட்டி நேராக்கிவிடலாம். ஆனால் கட்டியவர்கள் அதற்குப் பிறகு குனியவோ திரும்பவோ முடியாது. கட்டாமல் விட்டவர்கள்தான் குனிவார்கள். அதனால் குறைவாகக் கட்டுவது நல்லது. ஆனால் கட்டியதில் கடைசிப் பிள்ளை சரியான இடத்தில் நிற்காவிட்டால், அவனுக்குப் பின்னால் இருப்பவர்கள் மறுபடி கோணிப்போவார்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முன்பு இங்கே பெரிய டாக்டர் ஆசீர்வாதம் இருந்தார். அவர் ஓர் எலும்பைச் சொன்னால் மற்ற நான்கு பேரும் தலையாட்டுவார்கள். ஒரு தடவை அவர் தவறாகச் சொல்லி, அதற்கும் எல்லோரும் தலையாட்டி, ஒரு பிள்ளைக்குக் கெடுதலாகிவிட்டதாம். அவர் இறந்த பிறகு தலைமைக்கு வந்த டாக்டர் கருணாகரன் ஒரு விதி கொண்டுவந்தார். ஐந்து டாக்டர்களும் புதன்கிழமை தனித்தனியாகப் பட அறைக்கு வந்து படத்தைப் பார்க்க வேண்டும். யாரோடும் பேசாமல், கம்பி முடிய வேண்டிய எலும்பின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும். வியாழக்கிழமைக் கூட்டத்தில், டாக்டர் அல்லாத ஒருவர் சீட்டுகளைப் பிரித்துப் பெயர் இல்லாமல் வாசிப்பார். போன ஆகஸ்டிலிருந்து அந்த ஒருவர் நான். டப்பா, என் பழைய சாக்பீஸ் டப்பா. சீட்டுகளை நான்தான் பழைய விடைத்தாள்களிலிருந்து நறுக்குகிறேன்.

எலும்புகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் எனக்கு நாக்கில் வரவில்லை. மேலிருந்து கீழே ஒன்று முதல் பதினேழு வரை ரோல் நம்பர் போட்டுக் கொடுத்தேன். டாக்டர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கூட்டம் இல்லை. ஹெப்சி அறையைப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

ஜனவரி 22, வியாழன்

மூன்று படங்கள். 14, 15, 15. ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து சீட்டும் ஒரே எண்.

ஒரு விஷயம். சீட்டைப் பிரிக்கும் முன்பே இப்போதெல்லாம் எனக்கு எண் தெரிந்துவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் அதுவேதான் இருக்கிறது. முதலில் வேடிக்கையாக இருந்தது. இன்று மூன்றாவது படத்தின் சீட்டுகளைப் பிரிக்கும்போது ஐந்தையும் இரண்டு தடவை பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் டாக்டர் பூதலிங்கம் கேட்டார். நாகர்கோவில்காரர், எதையும் சிரிக்காமல் சொல்வார்.

"டீச்சர், நீங்க இருக்கிய நாற்காலி யாருக்குன்னு தெரியும்லா?"

"தெரியும். ஆசீர்வாதம் ஐயாவோடது."

"வேற யாரும் அதுல இருக்க மாட்டோம். உங்களத்தான் இருத்தியிருக்கோம். ஐயா வந்து எங்க அஞ்சு பேரு காதுலயும் நம்பர் சொல்லிட்டுப் போறாரோன்னு எனக்கொரு சந்தேகம்."

சிஸ்டர் அமலி சிலுவை போட்டுக்கொண்டாள். "சும்மா இருங்க சார். நான் தனியா அந்த ரூமப் பூட்டப் போறவ" என்றாள்.

பட அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சப் பெட்டி மேசைமேல் படுத்தவாக்கில் இருக்கிறது. அதன் கீழ்ப்பக்கக் கிளிப் உடைந்துவிட்டதால் படம் சுருண்டுகொள்ளும். நான் என் மர ஸ்கேலைப் படத்தின் குறுக்கே வைத்துவிடுவேன். முப்பது வருடமாகக் கைப்பையில் கிடக்கும் ஸ்கேல், நல்ல கனம். கிளிப்பை மாற்றித் தரட்டுமா என்று சிஸ்டர் கேட்டாள். வேண்டாம், ஸ்கேலே போதும் என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

இரண்டு படங்கள். 15, 15.

டாக்டர் கருணாகரன் இந்தச் சீட்டு முறையைப் பற்றிச் சென்னையில் ஒரு மாநாட்டில் பேசப்போகிறார். "எந்த ஊருலயும் அஞ்சு சர்ஜன் இப்படி ஒத்துப்போறது கெடையாது டீச்சர். தனித்தனியா யோசிச்சும் ஒரே எடத்துல வந்து நிக்கிறோம். அதான் உண்மைக்கு அடையாளம்" என்றார். கணக்கிலும் அப்படித்தான், ஐந்து பிள்ளைகள் ஐந்து வழியில் போட்டு ஒரே விடை வந்தால் விடை சரி என்றேன். அவருக்குச் சந்தோஷம். அதையும் மாநாட்டில் சொல்லப்போகிறாராம்.

வீட்டுக்கு வரும் வழியில் வேறொன்று ஞாபகம் வந்தது. தேர்வு அறையில் நான் ஒருநாளும் ஒரு பிள்ளைக்கும் விடை சொன்னதில்லை. ஆனால் மேற்பார்வைக்கு நடக்கும்போது ஒரு பிள்ளையின் மேசை அருகே கொஞ்சம் நின்றால் போதும், அந்தப் பிள்ளை எழுதியதை அடித்துவிட்டு மறுபடி போடும். நின்றதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் பள்ளி மணியம்மை டீச்சர் கேலி செய்வாள்: "ரஞ்சிதம் நின்னா கணக்கு தப்பு, நடந்தா கணக்கு சரி." இது எதற்கு இப்போது ஞாபகம் வர வேண்டும்?

பிப்ரவரி 12, வியாழன்

நான்கு நாளாகக் காய்ச்சல். கஞ்சி. போகவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

சிஸ்டர் அமலி ரசமும் பப்படமும் கொண்டுவந்தாள். நேற்று அவள்தான் சீட்டு வாசித்தாளாம். "ஐயோ டீச்சர், ஒரே சண்ட. ஒருத்தர் பன்னெண்டு, ஒருத்தர் பதினாலு, ரெண்டு பேரு பதிமூணு, ஒருத்தர் பதினஞ்சு. ஒன்றரை மணி நேரம் கத்துனாவ. நீங்க இல்லன்னா அவங்களுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"படம் சுருளலையா?" என்று கேட்டேன்.

"நான் ரெண்டு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டிட்டேன்."

கேட்கச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய் இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

திரும்பப் போனேன். ஒரு படம். 15. ஐந்து சீட்டும்.

"டீச்சர் வந்தாச்சு, உண்மையும் வந்தாச்சு" என்றார் பூதலிங்கம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று மறுபரிசோதனை நாள். ஆகஸ்டிலிருந்து ஆப்ரேஷன் முடிந்த ஒன்பது பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சிஸ்டருக்குக் கைகொடுக்கப் போயிருந்தேன். எல்லோரும் நேராக நிற்கிறார்கள். தாய்மார்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஜெனிஷா என்று பதினொரு வயதுப் பிள்ளை, நாசரேத். அவளுடைய தண்ணீர் பாட்டில் மூடி கீழே விழுந்து உருண்டது. அவள் குனியவில்லை. வலது முழங்காலைத் தரையில் வைத்தாள், பிறகு இடது முழங்கால். முதுகு நெட்டுக்குத்தாக, தலை நேராக, கையை மட்டும் பக்கவாட்டில் இறக்கி மூடியை எடுத்தாள். சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க முழங்காலிடுவது போல.

பிறகு வேறொரு பிள்ளைக்குச் செருப்பு வார் அவிழ்ந்தது. வலது முழங்கால், இடது முழங்கால். அப்புறம் இன்னொருத்தி. யாரும் யாரையும் பார்த்துச் செய்யவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. நீளமான தாழ்வாரத்தில் ஒரு சமயம் மூன்று பேர் ஒன்றாக முழங்காலில் இருந்தார்கள், மூன்று பேரும் என் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

"பதினஞ்சு வரைக்கும் கட்டினா இப்படித்தான் டீச்சர், பழகிக்கிடும்" என்றாள் சிஸ்டர்.

ஒன்பது பேருக்கும் 14 அல்லது 15. நான் வாசித்த எண்கள்.

மார்ச் 4, புதன்

ஒரே ஒரு படம். ஆவுடைச்செல்வி, பன்னிரண்டு வயது, முக்கூடல். அம்மா பகவதி பீடி சுற்றுகிறாள். எடைச் சீட்டைக் கொடுக்க இருவரும் பட அறைக்குள் வந்துவிட்டார்கள். பிள்ளைகளை அங்கே விடக் கூடாது. ஆனால் அவள் அதற்குள் வெளிச்சப் பெட்டி அருகே போய்விட்டாள். நெடுநெடு என்று வளர்ந்த பிள்ளை, வலது தோள் தூக்கியிருக்கிறது.

"டீச்சர், இது நானா?"

"நீதான்."

"சாரப்பாம்பு மாதிரில்லா இருக்கேன்."

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி" என்றாள் பகவதி. "டீச்சரம்மா, இவளுக்குப் படிப்பு வருதோ இல்லியோ, கோகோன்னா உசுரு. ஸ்கூல் டீம்ல இருக்கா. அதான் ஆப்ரேசனுக்குப் பெறவு வெளையாட முடியுமான்னு என்னப் போட்டு அரிக்கா."

"கோகோவுல குனிஞ்சு தொட்டாத்தான் டீச்சர் அவுட்டு. நிமுந்துக்கிட்டே தொட முடியாது. குனியலாம்லா?"

"டாக்டருங்க பாத்துச் சொல்லுவாங்க தாயி."

அவள் படத்தின் குறுக்கே கிடந்த ஸ்கேலைத் தொட்டாள். "இது வரைக்கும் கம்பியா? அதான் கோடு வச்சிருக்கியளா?"

"கோடு இல்ல. படம் சுருளாம இருக்க வச்சது."

"சுருளுறது ஓரத்துலல்லா?" என்றாள். "நடுவுல வச்சா எப்பிடிச் சுருளாம இருக்கும்?"

கணக்கில் மிகவும் பின்தங்கிய பிள்ளையாம். பகவதி அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

நான் ஸ்கேலை எடுத்துப் படத்தின் கீழ் ஓரத்தில் வைத்தேன். அதைச் செய்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் டாக்டர் வருவதற்கு முன் பார்க்கிறேன், ஸ்கேல் மறுபடி பதினைந்தாவது எலும்புக்குக் கீழே கிடக்கிறது. யார் நகர்த்தினார்கள் என்று தெரியவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

மார்ச் 5, வியாழன்

15, 15, 15, 15, 15.

ஆப்ரேஷன் ஏப்ரல் 9 என்று நாள் குறித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு டாக்டர் நஸீமா மட்டும் திரும்பி வந்தார். ஐவரில் இளையவர். படத்தை மறுபடி போடச் சொன்னார். பிள்ளை பக்கவாட்டில் வளைந்து நிற்கும்போது எடுத்த இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க டீச்சர். வளைஞ்சு நிக்கும்போது கீழ்ப்பக்கக் கோணல் தானாவே நேராயிடுது. பன்னெண்டுக்கு மேல இருக்கற கோணல்தான் பிடிவாதமானது. பதிமூணுல நிறுத்தினா தாராளம். குனியவும் செய்வா."

"அப்புறம் ஏன்மா பதினஞ்சு எழுதினீங்க?"

அவர் பதினைந்தாவது எலும்பில் விரலை வைத்து எடுத்தார். பிறகு, "அதுதான் டீச்சர் எனக்கும் தெரியல. எழுதும்போது அதுதான் சரின்னு இருந்துச்சு. வெளிய வந்து கைகழுவும்போதுதான், நான் எண்ணவே இல்லன்னு தோணுச்சு" என்றார். ஆசீர்வாதம் ஐயாவின் நாற்காலியைப் பார்த்தார். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 7, சனி

ஸ்கேலை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 11, புதன்

இன்று கைப்பையைத் திறந்தால் ஸ்கேல் உள்ளே இருக்கிறது. பீரோச் சாவி என் கழுத்துச் சங்கிலியில்தான் கிடக்கிறது. வயதாகிவிட்டது. வைத்தது, எடுத்தது, ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

இந்த வாரம் புதுப் படம் இல்லை. நல்லதாகப் போயிற்று.

மார்ச் 12, வியாழன்

பீரோவில் சேலைகளுக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்கும் அடியில் ஹெப்சியின் படம் இருக்கிறது. இன்று அதை எடுத்தேன். ஜன்னல் கண்ணாடியில் பிடித்து எண்ணினேன்.

என் மகள் ஹெப்சிக்கும் அப்போது பன்னிரண்டு வயது. வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. நான்கு டாக்டர்கள் நின்றார்கள். பெரியவர், "இங்க நிறுத்தினா போதும், பிள்ளைக்கு இடுப்பு வளையட்டும்" என்றார். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். என்னையும் பார்த்தார்கள். நானும் ஆட்டினேன். நம் கணக்கில் அது பதின்மூன்று. இரண்டு வருடத்தில் அதற்குக் கீழே கோணிவிட்டது. இரண்டாம் தடவை ஆப்ரேஷனுக்குப் போனோம், நான் மட்டும் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு ஹெப்சி அறையை நான்தான் பெருக்குகிறேன்.

இது நாற்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாட்குறிப்புக்கு மட்டும்தான் புதுசு. எழுதியதை அழிக்கலாமா என்று ரப்பரைக் கையில் எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

மார்ச் 18, புதன்

ஒரு கணக்கு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. விடையை வேண்டுமென்றே மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று இரண்டு படங்கள் வைத்தேன். ஒன்று இந்த வாரத்துப் பிள்ளை. ஸ்கேலை வைக்காமல் நான்கு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டினேன். இரண்டாவது ஹெப்சியின் படம். பெயர் இருந்த மூலையில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி மறைத்தேன். அதன்மேல் ஸ்கேலைப் பதினோராவது எலும்புக்குக் கீழே வைத்தேன். பதினொன்றில் நிறுத்தினால் அந்த முதுகு ஆறு மாதம் தாங்காது. அது எனக்கே தெரியும்.

ஐந்து பேரும் வந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள். ஒருவராவது ஸ்கேலை ஒதுக்கிவிட்டுப் பார்க்கிறாரா என்று கவனித்தேன். பூதலிங்கம் அதன் ஓரத்தைத் தடவிவிட்டு எழுதினார். டாக்டர் நஸீமா வெகுநேரம் நின்றார்.

மார்ச் 19, வியாழன்

முதல் படம்: 12, 13, 13, 14, 12. டாக்டர் கருணாகரனின் புருவம் சுருங்கியது.

இரண்டாவது படம்: 11. 11. 11. 11. ஐந்தாவது சீட்டில் எண் இல்லை. 'படம் யாருடையது?' என்று எழுதியிருந்தது. அதையும் வாசித்தேன்.

"நாலு பேரு ஒத்துப்போயாச்சு. போதும்" என்றார் கருணாகரன். "பதினொண்ணு. பிள்ளைய எப்ப அட்மிட்டுக்கு வரச் சொல்லியிருக்கு, டீச்சர்?"

"அது வராது சார்."

"ஏன், வீட்டுல சம்மதிக்கலையா?"

"நாப்பது வருசத்துக்கு முந்தின படம் சார்."

நான் எழுந்து வெளிச்சப் பெட்டியைப் போட்டேன். படத்தை வைத்து, ஸ்கேலை நேற்று வைத்த இடத்தில் வைத்தேன். பிறகு எடுத்தேன். மறுபடி வைத்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பது போல மூன்று தடவை செய்து காட்டினேன். ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலில் பேசியவர் பூதலிங்கம். குரலில் கேலி இல்லை. "நான் அது கருணாகரன் சார் வச்சதுன்னுல்லா நெனச்சேன். சார் பாத்து முடிச்சு அடையாளம் வச்சிருக்காருன்னு."

இன்னும் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

கருணாகரன் என்னைப் பார்க்கவில்லை, ஸ்கேலையே பார்த்தார். "நான் கடைசியாத்தான் வருவேன். நீங்க நாலு பேரும் அளந்து வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். "சின்னவங்க கஷ்டப்பட்டு அளந்திருக்காங்க, நான் ஏன் கலைக்கணும்னு..."

பேசக் கூடாது என்ற விதி. அதனால் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஏழு மாதமாக ஒருவர்கூட.

"பதினொண்ணுன்னதும் எனக்கு உதச்சுது" என்றார் நஸீமா. "ஆனா பேனாவ எடுத்ததும் கை அதத்தான் எழுதப் போச்சு. பயந்துபோய்த்தான் கேள்விய எழுதினேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எப்பவும் பதினஞ்சுக்கிட்டயே ஏன் டீச்சர் வச்சீங்க?"

"படம் அங்கதான் உப்பும்" என்றேன்.

"இது உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையா?"

"ஆமா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"அப்போ ஒன்பது பிள்ளைங்க?" என்று நஸீமா கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

கருணாகரன் சென்னை மாநாட்டுக்கு வரவில்லை என்று எழுதிவிடச் சொன்னார். ஆவுடைச்செல்விக்கு மறுபடி சீட்டு போட வேண்டும். புதுக் கிளிப். ஸ்கேல் கூடாது. நான் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். சீட்டுகளை மட்டும் நானே பிரிக்கலாம். என்னைப் போகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நானும் போகவில்லை. ஆவுடைச்செல்வியின் எண் என்னவென்று தெரியாமல் என்னால் வீட்டில் இருக்க முடியாது.

மார்ச் 25, புதன்

காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பெஞ்சில் இருந்தேன். ஐந்து பேரும் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். ஸ்கேல் வீட்டில் இருக்கிறது. வரும்போது கைப்பையை இரண்டு தடவை துழாவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 26, வியாழன்

டப்பாவைத் திறந்தேன். சீட்டுகள் ஆறு இருந்தன.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பேனாவில் எழுதியவை ஐந்து: 13, 14, 13, 15, 13. ஆறாவது பென்சில். 15. அந்த ஐந்தின் வால் நீண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தது. நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஐந்து போடச் சொல்லிக்கொடுப்பேன்.

சிஸ்டர் அமலி என் காதருகே குனிந்து, "கண்ணாடிய உள்ள விட்டுட்டேன்னு நேத்து ஒருக்கா போனீங்கள்ல டீச்சர், அது கெடைச்சுதா?" என்று கேட்டாள். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. நேற்றும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நான் உள்ளே போனதாக எனக்கு நினைவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு பதின்மூன்றுக்குப் பதிலாக அந்தச் சீட்டை வாசித்தால் போதும். பதினைந்துக்கு இரண்டு பேர் ஆகிவிடுவார்கள். இரண்டாவது ஆள் யாராயிருக்கும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் தேடுவார்கள். கருணாகரனாக இருக்கலாம் என்று நான்கு பேர் நினைத்தால் போதும். அந்த அறையில் எண்கள் எப்படிப் பெருகும் என்று எனக்குத் தெரியும்.

பதின்மூன்று என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஹெப்சியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அஞ்சு சீட்டு" என்று சொன்னேன். ஐந்தை வாசித்தேன். ஆறாவதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் சண்டை. பதினைந்து எழுதியவர் பூதலிங்கம். அவரே கையைத் தூக்கினார். "கீழ கோணிச்சுன்னா ரெண்டாவது ஆப்ரேசனுக்கு நீங்களா சார் பதில் சொல்லுவீங்க?" என்று தலைவரிடமே கேட்டார். நஸீமா வளைந்து எடுத்த படத்தைக் கொண்டுவந்து, ஸ்கேல் இல்லாமல், விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். கருணாகரன் இரண்டு தடவை தன் மனத்தை மாற்றிக்கொண்டார். கடைசியில் பதின்மூன்று. கீழே கோணுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பார்ப்பது என்ற நிபந்தனையோடு பூதலிங்கம் ஒத்துக்கொண்டார்.

இப்படிச் சத்தம் போட்டு ஒரு கணக்கை முடித்த வகுப்பை நான் பார்த்ததே இல்லை.

ஆறாவது சீட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். யாருடைய கையெழுத்து என்று எழுத வேண்டியதில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஆறு மணி நேரம். பகவதியோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் விரல்கள் காற்றில் பீடி சுற்றிக்கொண்டிருந்தன. அவளுக்கே அது தெரியவில்லை.

"ரொம்பக் கீழ வரைக்கும் போகாண்டாம்னு டாக்டரம்மா சொன்னாவ. அது நல்லதுதான டீச்சரம்மா?"

"நல்லதுதான்" என்றேன்.

மூன்று மணிக்குச் சிஸ்டர் வந்து, "ரெண்டு காலையும் ஆட்டிட்டா" என்றாள். பகவதி சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஹெப்சியின் படத்தை மேசைமேல் விரித்தேன். ஸ்கேல் வைக்கவில்லை. அது மெதுவாகச் சுருண்டது. அப்படியே பீரோவில் வைத்தேன்.

நவம்பர் 10, செவ்வாய்

இத்தனை மாதம் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை.

இன்று மறுபரிசோதனை நாள். ஆவுடைச்செல்விக்கு ஏழு மாதம் ஆகிறது. இரண்டு தடவை எடுத்த படத்திலும் கீழே கோணவில்லை. ஜனவரியிலிருந்து மைதானத்தில் இறங்கலாம் என்று நஸீமா சொல்லிவிட்டார். பழைய ஒன்பது பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டு எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பத்துப் பேரும் நேராக இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பத்துப் பேருக்கும் வித்தியாசம் இல்லை.

ஜெனிஷாவின் தண்ணீர் பாட்டில் மூடி விழுந்தது. அதே மூடி. உருண்டு போய் ஆவுடைச்செல்வியின் காலடியில் நின்றது. ஜெனிஷா எழுந்து வந்து, வலது முழங்காலை இறக்கத் தொடங்கினாள்.

அதற்குள் ஆவுடைச்செல்வி இடுப்பை வளைத்துச் சட்டென்று குனிந்து மூடியை எடுத்து, "இந்தா பிள்ள" என்று நீட்டினாள்.

பெஞ்சில் இருந்த பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். இடுப்பு திரும்பாது, அதனால் முழு உடம்பும் சேர்ந்து திரும்பியது. ஆவுடைச்செல்வியை அல்ல, அவள் இடுப்பைப் பார்த்தார்கள்.

ஜெனிஷா மூடியை வாங்கவில்லை. என்னிடம் நடந்து வந்தாள்.

"டீச்சர், அவளுக்கும் எனக்கும் ஒரே ஆப்ரேசன்தான?"

"ஆமா."

"அவ எப்பிடிக் குனியுதா?"

நாற்பது வருடத்தில் எந்தப் பிள்ளையின் கேள்விக்கும் எனக்கு ஓர் உதாரணம் கிடைக்காமல் போனதில்லை. காலை வணக்க வரிசை, தென்னை மரம், பஸ் படிக்கட்டு, ஏதாவது ஒன்று வந்துவிடும். இன்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். முதுகு நேராக, அழகாக நின்றுகொண்டிருந்தாள்.